இன்றைக்குள் சாப்பிட வேண்டிய இனிப்பு

கியோட்டோவில் பாரம்பரிய இனிப்பு வாங்கக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: அந்த ஊரில் இனிப்புக் கடை என்று ஒரே வகைக் கடை கிடையாது. ஊர்க்காரர்கள் மூன்றாகப் பிரித்துத்தான் பேசுவார்கள். ‘ஒமோச்சியா-சான்’ என்பது மோச்சிக் கடை. பசை அரிசியை ஆவியில் வேகவைத்து இடித்த மோச்சி, அசுகிப் பயறு சேர்த்த சிவப்புச் சோறு, வீட்டு விசேஷங்களுக்கான அரிசிப் பண்டங்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். ‘ஒமான்யா-சான்’ அன்றாட இனிப்புக் கடை. பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கும் சாயங்காலத் தேநீருக்கும் நாலு வாங்கிப் போகிற மஞ்ஜூ (பூரணம் வைத்த மாவு உருண்டை), தாங்கோ (அரிசி மாவு உருண்டை) வகையறா. மூன்றாவது ‘ஒகாஷியா-சான்’. தேநீர்ச் சடங்குக்கும், மதிப்புக்குரியவர் வீட்டுக்கு எடுத்துப் போவதற்கும், கோயில் படையலுக்கும் இனிப்பு செய்து தரும் கடை.

நான் எழுத நினைப்பது இந்த மூன்றாவது வகையைப் பற்றி. வெளியூர்க்காரர்கள் பலர் தயங்கி வாசலோடு திரும்பிவிடுகிற கடைகளும் இவைதான்.

வேலைக்காக கியோட்டோவுக்கு வந்தபோது நெசவாளர் பகுதியான நிஷிஜின் பக்கம் வீடு கிடைத்தது. இனிப்பைப் பொறுத்தவரை அது பெரிய அதிர்ஷ்டம். அரசர்கள் இருந்த மாளிகை பக்கத்தில். ஜப்பானின் பெரிய தேநீர்ச் சடங்குப் பள்ளிகளான உராசென்கேயும் ஒமோதெசென்கேயும் ஒகாவா தெருவில் அடுத்தடுத்து இருக்கின்றன. சுற்றிலும் கோயில்கள். தேநீர் இருக்கும் இடத்தில் அதற்கு முன் சாப்பிட ஓர் இனிப்பு வேண்டும். அதனால்தான் இந்தத் தெருக்களில் இத்தனை பழைய கடைகள். 1803-ல் தொடங்கிய சுருயா யோஷினோபு ஹொரிகாவா, இமாதேகாவா சாலைகள் சந்திக்கிற மூலையில் இருக்கிறது. 1882-ல் தொடங்கிய ஷியோயோஷிகென் அதே வட்டாரத்தில் ஒரு குறுக்குத் தெருவில். தோராயா இன்னும் பழையது, 16-ஆம் நூற்றாண்டு. 1869-ல் தலைநகரம் டோக்கியோவுக்கு மாறியபோது அரசருக்கு இனிப்பு கொடுத்துவந்த அந்தக் கடையும் கூடவே போனது. ஆனால் கியோட்டோ கடையை மூடவில்லை. மாளிகைக்குப் பக்கத்தில் அது இன்றும் நடக்கிறது.

உள்ளே போனால் என்ன இருக்கும்? முதல் பார்வைக்கு ஒன்றுமே இல்லாதது போலத் தெரியும். வாசலில் தொங்கும் துணித்திரையை விலக்கிக்கொண்டு நுழைந்தால் ஒரு மரத் தரை, ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் அரக்குத் தட்டில் ஐந்தாறு இனிப்புகள், வகைக்கு ஒன்றாக. அது மாதிரிக்கு வைத்தது. விற்பனைக்கானது பின்கட்டில் இருக்கும். ஒவ்வொன்றின் முன்னாலும் சின்ன அட்டையில் தூரிகை எழுத்தில் அதன் பெயர். ஒன்று சுமார் 50 கிராம், உள்ளங்கைக் குழியில் அடங்குகிற அளவு. விலை பெரும்பாலும் 400, 500 யென் பக்கம். நம் ஊர்க் கடையில் அடுக்கடுக்காகக் குவித்து வைத்துப் பார்த்த கண்ணுக்கு, இந்த வெறுமை கொஞ்சம் மிரட்சி தரும். இங்கே கிலோ கணக்கில் வாங்க வேண்டுமோ, முன்பே சொல்லி வைத்திருக்க வேண்டுமோ என்று தோன்றும்.

அப்படி ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று வாங்கலாம். முன்பதிவுக்கு மட்டுமே செய்கிற கடைகளும் சில உண்டு, அவற்றை விடுங்கள். கண்ணாடிப் பெட்டி வைத்திருக்கிற கடை என்றால் ஒற்றை இனிப்புக்கும் அதே பெட்டி, அதே காகிதம், அதே வணக்கம். நான் வழக்கமாகப் போகும் கடையில் கல்லாவில் இருக்கும் அம்மாள் ஒவ்வொரு முறையும் கேட்கிற கேள்வி, “வீட்டுக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்?” என்பது. பத்து நிமிடம் என்றால் முகம் மலரும். பெட்டியை இரண்டு கையாலும் நீட்டிவிட்டு, “இன்றைக்குள் சாப்பிட்டுவிடுங்கள்” என்பார். பெட்டியின் ஓரத்தில் ஒட்டிய சீட்டிலும் அதேதான் எழுதியிருக்கும்.

அந்த ஒரு வரியை நான் ரொம்ப மதிக்கிறேன். நாளைக்கு வைத்துக்கொள்ள முடியாத ஒன்றைச் செய்து, இன்று சாப்பிடப் போகிறவருக்கு மட்டும் விற்பது என்று ஒரு கடை தலைமுறை தலைமுறையாக இருந்துவருவது சாதாரண விஷயம் இல்லை.

ஜப்பானிய இனிப்புகளை நீரின் அளவை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். 30 சதவீதமும் அதற்கு மேலும் நீர் இருந்தால் நாமாகாஷி, அதாவது ஈர இனிப்பு. 10 முதல் 30 வரை என்றால் பாதி ஈரம். 10-க்குக் கீழே போனால் ஹிகாஷி, உலர்ந்தது. கெட்டியான தேநீருக்கு ஈர இனிப்பு, இளசான தேநீருக்கு உலர்ந்தது என்று சடங்கிலும் இதற்கு ஒரு முறை இருக்கிறது. வாங்குகிறவருக்கும் இந்தக் கணக்குதான் வழிகாட்டி. நீர் கூடக் கூட ஆயுள் குறையும், கையில் எடுத்துப் போகிற தூரமும் குறையும். கடைக்குள் நின்று எதை வாங்குவது என்று குழம்பினால், இது யாருக்கு, எப்போது என்று மட்டும் யோசித்தால் போதும். பாதி முடிவு தானாக வந்துவிடும்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? பெரும்பாலும் பயறுதான். அசுகி நம் காராமணியின் இனத்தைச் சேர்ந்த சிறு சிவப்புப் பயறு. அதை வேகவைத்து, துவர்ப்பு ஏறிய முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைப்பார்கள். நன்றாகக் குழைந்ததும் சல்லடையில் தேய்த்துத் தோலை நீக்கி, விழுந்த விழுதைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேல்நீரை இறுத்து, மறுபடி தண்ணீர் விட்டு, கடைசியில் துணியில் கட்டிப் பிழிந்து எடுப்பார்கள். அப்புறம்தான் சர்க்கரை சேர்த்துக் கிளறுவது. இதுதான் கோஷி-ஆன். தோலோடு விட்டால் ட்சுபு-ஆன். வெள்ளைப் பயறிலிருந்து இதே முறையில் எடுப்பது ஷிரோ-ஆன், வண்ணம் சேர்க்கிற இனிப்புக்கெல்லாம் அதுதான் அடிப்படை.

சுகியன் பூரணத்தைச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு, பயறும் இனிப்பும் சேர்வதில் புதுமை இல்லை. ஆனால் நெய் இல்லை, தேங்காய் இல்லை, ஏலக்காய் இல்லை, பால் இல்லை. முதல் வாய்க்கு ஏதோ குறைவது போலத்தான் இருக்கும். இந்தியாவிலிருந்து வரும் நண்பர்கள் எல்லோரும் அந்த இடத்தில் ஒரு கணம் நின்று யோசிப்பார்கள். அப்போது மாட்சாவை, அதாவது பச்சைத் தேயிலைப் பொடியில் கலக்கிய தேநீரை, எடுத்து நீட்ட வேண்டும். இனிப்பை முதலில் சாப்பிட்டு முடித்துவிட்டு, அந்த இனிப்பு நாக்கில் இருக்கும்போதே கசப்பான தேநீரைக் குடிக்க வேண்டும். இடையிடையே மாற்றி மாற்றி அல்ல. அந்த வரிசையில் சாப்பிட்டால், கொழுப்பு ஏன் இல்லை என்பது புரியும். நெய் நாக்கில் படிந்திருந்தால் தேநீரின் மணம் ஏறாது. வாசனைப் பொருளும் அப்படித்தான், தேநீரோடு போட்டிக்கு வந்துவிடும். பயறின் மணம் மட்டும் மெல்லிசாக இருந்து, தேநீர் வந்ததும் வழிவிட்டுவிடுகிறது.

சுருயா யோஷினோபுவின் மாடியில் ஒரு நீள மேசை இருக்கிறது. அதன் ஒரு பக்கம் நாம் உட்கார, மறுபக்கம் நின்று கைவினைஞர் கண்ணெதிரே இனிப்பு செய்து தருவார். கடைக்குப் புதிதாகப் போகிறவர்களை நான் முதலில் அங்கேதான் அழைத்துப் போவது. (உட்கார்ந்து சாப்பிட்டால் வரி 10 சதவீதம், எடுத்துப் போனால் 8. அந்த 2 சதவீதத்துக்கு இதைவிட நல்ல செலவு எனக்குத் தெரியாது.) ஒரு நாள் போனபோது அவர் செய்தது கின்டோன். அசுகிப் பூரணத்தை நெல்லிக்காய் அளவு உருட்டி ஓரமாக வைத்தார். பச்சை நிற வெள்ளைப்பயறு விழுதை ஒரு சல்லடைமேல் வைத்து உள்ளங்கையால் ஒரே அழுத்து. அடியில் பொலபொலவென்று நூல் நூலாக விழுந்தது. பிறகு நுனி மெலிந்த மூங்கில் குச்சிகளால் அந்த நூல்களைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உருண்டையின் மேல் ஒட்டினார். முதலில் கீழ்விளிம்பு, பிறகு பக்கங்கள், கடைசியில் உச்சி. குச்சி எந்த நூலையும் நசுக்கவில்லை. நூல்களுக்கு நடுவே காற்று இருக்க வேண்டும், நசுங்கினால் வாயில் கட்டியாகிவிடும் என்றார். மொத்தம் இரண்டு, மூன்று நிமிட வேலை. அவர் கண் மட்டும் உருண்டையை விட்டு அகலவே இல்லை.

அதே வடிவம், அதே செய்முறைதான். வசந்தத்தில் பச்சையும் இளஞ்சிவப்பும் கலந்தால் செர்ரி பூத்த மலை. இலையுதிர் காலத்தில் மஞ்சளும் சிவப்பும் சேர்ந்தால் மேப்பிள் காடு. குளிர்காலத்தில் உச்சியில் வெள்ளை நூல் நாலு வைத்தால் முதல் பனி. கியோட்டோக்காரர்கள் உருவத்தை அப்படியே செதுக்கிக் காட்டுவதை அவ்வளவாக விரும்புவதில்லை. பூ என்றால் ஐந்து இதழும் மகரந்தமும் வேண்டும் என்று இல்லை, நிறமும் ஒரு மடிப்பும் போதும். மிச்சத்தைச் சாப்பிடுகிறவர் நினைத்துக்கொள்வார். எனக்கும் இந்தச் சிக்கனம்தான் பிடிக்கிறது. இணையத்தில் அதிகம் சுற்றுவது கத்தரியால் நூறு இதழ் வெட்டிய செவ்வந்திதான். அந்தத் திறமையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் என் கை கின்டோன் பக்கம்தான் போகும்.

மற்ற ஈர இனிப்புகளில் முக்கியமானவை நெரிகிரியும் கொனாஷியும். வெள்ளைப்பயறு விழுதோடு மோச்சி மாவு சேர்த்துப் பிசைந்தால் நெரிகிரி. கோதுமை மாவு சேர்த்து ஆவியில் வேகவைத்துப் பிசைந்தால் கொனாஷி, இது கியோட்டோவின் வழக்கம். பெயர் சூட்டப்பட்ட இந்த ஈர இனிப்புகளைச் செய்யும் கலையை 2022-ல் ஜப்பான் அரசு பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது.

எந்தக் காலத்தில் எது கிடைக்கும் என்பதைக் கடைதான் தீர்மானிக்கும். நாம் கேட்டால் கிடைக்காது. ஜனவரியில் ஹனபிரா மோச்சி. வெள்ளை வட்ட மோச்சியை இரண்டாக மடித்திருப்பார்கள். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு சாய்சதுரத் துண்டு, இனிப்புச் சேர்த்த வெள்ளை மிசோ (புளித்த சோயா விழுது), கூடவே சர்க்கரையில் வேகவைத்த கோபோ கிழங்கு ஒரு நீளக் குச்சி, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டு. இனிப்பில் கிழங்கும் மிசோவுமா என்று தோன்றும். அரண்மனையில் புத்தாண்டன்று பல் உறுதிக்காகக் கெட்டியான பண்டங்களைக் கடிக்கும் சடங்கு ஒன்று இருந்தது. அதில் வந்த உப்பிட்ட ஆயு மீனுக்குப் பதிலாகத்தான் இந்தக் கிழங்கு. மெய்ஜி காலத்தில் (1868–1912) உராசென்கே பள்ளி இதை ஆண்டின் முதல் தேநீருக்கு எடுத்துக்கொண்டது, அங்கிருந்து ஊர்க் கடைகளுக்கெல்லாம் பரவியது. உப்பும் இனிப்பும் கிழங்கின் மண்வாசனையும் ஒன்றாக வருகிற இந்த இனிப்புக்காகவே நான் ஜனவரியைக் காத்திருக்கிறேன். டிசம்பரிலேயே கடையில் சொல்லி வைப்பது நல்லது.

ஜூன் 30-ஆம் தேதி மினாசுகி. அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் வேகவைத்த வெள்ளைப் பலகை, அதன்மேல் சர்க்கரையில் ஊறிய அசுகி, முக்கோணமாக வெட்டியது. அந்த முக்கோணம் பனிக்கட்டித் துண்டைக் குறிக்கிறது. குளிர்காலப் பனிக்கட்டியை மலைக் குழிகளில் சேமித்து வைத்துக் கோடையில் அரண்மனைக்குக் கொண்டுவருவார்கள். சாதாரண ஜனங்களுக்கு அது எட்டாத பொருள். அதனால் அரிசி மாவில் பனிக்கட்டி செய்து சாப்பிட்டார்கள், மேலே இருக்கும் சிவப்புப் பயறு தீமையை விரட்டும் என்ற நம்பிக்கையோடு. அன்று கோயில்களில் புல்லால் கட்டிய பெரிய வளையத்துக்குள் நுழைந்து, பாதி ஆண்டின் தோஷத்தைக் கழித்துவிட்டு வந்து மினாசுகி சாப்பிடுவது ஊர் வழக்கம். பெரிய கடை, மோச்சிக் கடை, அன்றாடக் கடை என்ற பேதமே அன்று கிடையாது. எல்லாக் கடையிலும் மினாசுகிதான். மழைக்காலத்தின் புழுக்கத்தில் குளிர்ச்சியாக ஒரு முக்கோணத்தைக் கடிக்கும்போது, அந்தக் காலத்து ஜனங்கள் மாவைப் பனிக்கட்டியாக நினைத்துக்கொண்டதில் வியப்பே இல்லை.

ஆயுள் குறைந்த இனிப்பு என்றால் கியோட்டோவின் கியோன் பகுதியில் காகிசென் யோஷிஃபுசா கடையில் கிடைக்கிற குசுகிரியைச் சொல்ல வேண்டும். நாரா பக்கம் யோஷினோவில் குசு கொடியின் வேரிலிருந்து எடுக்கிற மாவைக் கரைத்துக் காய்ச்சி, தாளாக உறையவைத்து, நாடா நாடாக வெட்டி ஐஸ் தண்ணீரில் போட்டுக் கொண்டுவருவார்கள். கருப்பட்டி நிறத்தில் இருக்கும் சர்க்கரைப் பாகில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். கண்ணாடி போல இருப்பது கொஞ்ச நேரத்தில் மங்கி, வழுவழுப்பும் போய்விடும். ஆகவே இதைக் கட்டி வாங்கிப் போகிற பேச்சே இல்லை. உத்தரவு கொடுத்த பிறகுதான் செய்வார்கள், வந்ததும் சாப்பிட வேண்டும். படம் எடுப்பதாக இருந்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மோச்சிக் கடைகளில் தெமாச்சி ஃபுதாபாவின் வரிசை ஊரறிந்தது. 1899-ல் தொடங்கிய கடை. உப்பு போட்ட சிவப்புப் பட்டாணி பதித்த மோச்சிக்காகத் தெருவில் ஜனம் நின்றுகொண்டே இருக்கும். வாங்கியதும் நேராகக் காமோ ஆற்றங்கரைக்கு நடந்து அங்கேயே சாப்பிட்டுவிடலாம். சாயங்காலம் என்றால் மோச்சி இறுக ஆரம்பித்துவிடும். குளிர்பெட்டியில் வைத்தால் இன்னும் மோசம், அரிசி மாவு குளிரில்தான் சீக்கிரம் கெட்டியாகும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதால் இதையும் எழுதிவிடுகிறேன். ஜப்பானில் வெளியே சாப்பிடுவது சைவர்களுக்குப் பெரும் சோதனை, காய்கறிக் குழம்பில்கூட மீன் சாறு இருக்கும். ஆனால் இந்தக் கடைகளில் மூச்சு விடலாம். பயறு, அரிசி, சர்க்கரை, கிழங்கு, கடல்பாசி, இவ்வளவுதான் பெரும்பாலும். ஆம், ரம்ஜான் நோன்பு திறக்கும்போது நம் ஊரில் காய்ச்சுகிற அதே கடல்பாசி வகைதான், இங்கே கான்தென் என்கிறார்கள். யோக்கான் என்ற பயறுக் கட்டி இனிப்பு உறைவது அதனால்தான். அந்த யோக்கானின் கதையும் சைவர்களுக்குப் பிடிக்கும். சீனாவில் அது ஆட்டுக்கறிக் குழம்பு. ஜப்பானுக்கு அதைக் கொண்டுவந்த ஜென் துறவிகள் கறி சாப்பிடாததால், கறிக்குப் பதில் பயறைப் போட்டார்கள். அது காலப்போக்கில் இனிப்பாக மாறியது. ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது முட்டை விஷயத்தில்தான். தோராயாகி (பூரணம் வைத்த அப்பம்), கஸ்தெரா (கேக்), கோடையில் ஆயு மீன் வடிவத்தில் வரும் வாகா-ஆயு, உச்சியில் வெடிப்பு விட்டிருக்கும் கிமி-ஷிகுரே, இவற்றில் முட்டை உண்டு. மலிவான ஜெல்லி வகைகளில் ஜெலட்டின் இருக்கலாம். கேட்டுவிட்டு வாங்கினால் கடைக்காரர்கள் பொறுமையாகப் பொருள்பட்டியலை எடுத்துக் காட்டுவார்கள்.

இனி ஊருக்கு எடுத்துப் போகும் விஷயம். விமான நிலையத்தில் கடைசி நிமிடத்தில் அழகான பெட்டியைப் பார்த்து வாங்காதீர்கள். பெட்டிக்குள் பெட்டி, காகிதத்துக்குள் காகிதம், நடுவில் வாரக்கணக்கில் கெடாமல் இருக்கச் செய்யப்பட்ட ஏதோ ஒரு மென்மையான பண்டம். அதைச் சாப்பிட்டுவிட்டு ஜப்பானிய இனிப்பு இவ்வளவுதானா என்று யாராவது நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பயணத்துக்கென்றே நூற்றாண்டுகளாகச் செய்யப்படுகிற இனிப்புகள் தனியாக இருக்கின்றன.

முதலாவது யோக்கான். தோராயாவின் ‘யோரு நோ உமே’யைக் குறுக்கே வெட்டினால் கரிய பரப்பில் அசுகிப் பயறுகள் வெளிறித் தெரியும், இருட்டில் பிளம் பூத்தது போல. 50 கிராம் சிறு கட்டிகளாகவும் கிடைக்கிறது, பிரிக்காமல் வைத்தால் ஏறக்குறைய ஒரு வருடம் கெடாது, சென்னை வெயிலும் அதை ஒன்றும் செய்யாது. பிரித்ததும் மெல்லிய துண்டுகளாக வெட்டிக் கொடுங்கள். பெரிய துண்டாகக் கொடுத்தால் திகட்டிவிடும். இரண்டாவது வசன்போன் அச்சு இனிப்பு. ஷிகோக்கு தீவின் ககாவா, தொகுஷிமா பகுதிகளில் ஒரு மெல்லிய கரும்பிலிருந்து எடுத்து, தண்ணீர் விட்டுக் கையால் திரும்பத் திரும்பப் பிசைந்து பாகை நீக்கிய சர்க்கரை அது. செர்ரி மர அச்சில் அழுத்தி எடுத்த சின்னப் பூவும் இலையுமாக இருக்கும். நாக்கில் வைத்தால் கடிக்க வேலை இல்லை. மூன்றாவது கொம்பெய்தோ. போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த சர்க்கரை மணி. கியோட்டோவில் 1847-லிருந்து அதை மட்டுமே செய்துவரும் ரியோகுஜுவான் ஷிமிசு என்ற கடையில், சுழலும் சூடான பாத்திரத்தில் பாகை ஊற்றி ஊற்றி ஒரு தொகுதியை முடிக்க 16 முதல் 20 நாள் ஆகிறது.

அம்மாவுக்கு இந்த மூன்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். வசன்போனை வாயில் போட்டதும், “கரைஞ்சே போச்சுடா, இன்னொண்ணு குடு” என்றார். யோக்கானை மூன்று நாள் வைத்து வைத்துச் சாப்பிட்டார், ஃபில்டர் காபியோடு. கின்டோனைப் பற்றி நிறையச் சொன்னதால் அதை ஏன் கொண்டுவரவில்லை என்று கேட்டார். அதற்கு அவர்தான் கியோட்டோ வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டாயிற்று, நவம்பரில் வருவதாகப் பேச்சு. அது தேநீர்க்காரர்கள் குளிர்கால அடுப்பைத் திறக்கிற மாதம், கடைகளில் இனோகோ மோச்சி வந்திருக்கும்.